எம். கிரிம்ஷாவின் விதி

"வெறும் ஒரு ஸ்டேப்ளர் பின்னுக்காகவா திருப்பி அனுப்பிட்டாங்க?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

நெவில் ஹார்கிரீவ்ஸ் கடிதத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தான்.

'தாங்கள் அனுப்பிய மூன்று பில்களும் இடது மேல் மூலையில் பின் அடிக்கப்பட்டுள்ளன. விதி எண் பதினேழின்படி, பில்கள் எவ்விதத்திலும் துளைக்கப்பட்டிருக்கக் கூடாது. குறையை நீக்கி இருபத்தெட்டு நாட்களுக்குள் மீண்டும் அனுப்பலாம். இங்ஙனம், எம். கிரிம்ஷா, கேஷ்பேக் பிரிவு.'

"பதினேழுன்னா, அதுக்கு முன்னாடி பதினாறு இருக்கா?"

"மொத்தம் நாப்பத்தொண்ணு," என்றான் நெவில். "காண்ட்ராக்ட்டோட பின்பக்கம் சாம்பல் கலர்ல இருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிச்சேன். நிஜமாவே இருக்கு, கிளெனிஸ். பதினேழாவது விதி, அப்படியே இருக்கு."

அவன் குரலில் கோபம் இல்லை. பெரிய மலையைப் பார்த்துப் பிரமித்துவிட்டு வந்தவன் குரல் போல இருந்தது.

விஷயம் இதுதான். மாதா மாதம் போன் பணத்தை முழுதாகக் கட்டிவிட வேண்டும். மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பதினோராம் மாத பில்களை, பில் தேதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள், போனை விற்ற கம்பெனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒழுங்காக அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு செக்காக வரும்; வருடக் கடைசிக்குள் கட்டிய பணம் அத்தனையும் திரும்பி வந்திருக்கும். போனும் சும்மா, பேச்சும் சும்மா. நெவில் தன் பேரில் ஒன்று, மனைவி கிளெனிஸ் பேரில் ஒன்று, மைத்துனன் டெரெக் பேரில் ஒன்று என்று மூன்று காண்ட்ராக்ட் எடுத்திருந்தான்.

எடுத்தவன் யார் என்பதுதான் குடும்பத்துக்கே கவலை. நெவில் பர்ன்லி பஸ் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாக்கும் கவுண்ட்டரில் வேலை பார்த்தான். மறதி விஷயத்தில் அந்தப் பயணிகள் எல்லோரும் அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒருமுறை நெடுஞ்சாலை ஓரக் கடையில் கிளெனிஸ் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, அவளை மறந்து பதினோரு மைல் காரை ஓட்டிக்கொண்டு போனவன். அதில் பாதித் தூரம் அவளோடு பேசிக்கொண்டே போயிருக்கிறான். இருபது வருடமாக எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சாவிலும் கிளெனிஸ் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

"அஞ்சு தடவையும் மறக்காம அனுப்பி, பணம் முழுசா வந்துட்டா, அந்தக் கதையை நான் செத்தாலும் எடுக்க மாட்டேன்," என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

டெரெக் வேறு விதமாக வாக்குக் கொடுத்திருந்தான். "மச்சான், உன்னை நம்பிக் கையெழுத்துப் போடறேன். பணம் வரலைன்னு வை, உன் தூண்டில் அத்தனையும் என் வீட்டுக்கு வந்துடும்."

எனவே அன்றே நெவில் பின்னைப் பிடுங்கினான். ஓட்டை தெரிந்தது. நகத்தால் தேய்த்தான். இன்னும் நன்றாகத் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, பில்லின் மேல் ஈரத் துணி போட்டு அழுத்தினான். ஓட்டை மறைந்தே போயிற்று. சந்தோஷத்தில் இன்னொரு தடவை அழுத்தியவன் பெட்டியை எடுக்க மறந்துவிட்டான்.

'தாங்கள் அனுப்பிய பில்கள் பழுப்பு நிறத்தில் உள்ளன,' என்று எழுதியிருந்தார் எம். கிரிம்ஷா. 'விதி எண் பத்தொன்பது.'

"இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையிலெல்லாம் மை வாசம்," என்றாள் கிளெனிஸ். "விட்டுத் தொலை, நெவில்."

நெவில் விடவில்லை. போன் சேவைக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, பில் வரவேயில்லை என்று ஒரு சின்னப் பொய் சொன்னான். குரலில் தேன் சொட்டும் ஒரு பெண் புது பில்கள் அனுப்பி வைத்தாள். அவற்றைப் பின் இல்லாமல், சூடு இல்லாமல், மூச்சுகூடப் படாமல் உறையில் போட்டு அனுப்பினான். பத்தாம் நாள் மூன்று செக் வந்தது.

கிளெனிஸ் செக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நிஜ செக்தானே?"

"நிஜம்தான்."

"நீ சம்பாதிச்சதா இது?"

"கிரிம்ஷா கொடுத்தது," என்றான் நெவில் பயபக்தியோடு.

ஆனால் அந்தத் தேன்குரல் பெண் நல்ல மனசுக்காரி. தபாலில் பில் தொலைகிறது என்று ஒருவர் சொன்னால் சும்மா இருப்பாளா? இனிமேல் மூவருக்கும் காகித பில்லே வராது, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டாள். ஐந்தாம் மாதம் தபால்காரர் பீட்சா விளம்பரம் மட்டும்தான் கொண்டுவந்தார்.

மறுபடி போன். "காகிதமே வேணும்மா, தயவுசெய்து."

"ஒரு நொடில மாத்திடறேன் சார்!"

மாற்றினாள். காகித பில் வந்தது. ஆனால் பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கைத் திறந்துதான் மாற்ற முடிந்தது போல. மூன்று பில்லிலும் கணக்கு எண் வேறாக இருந்தது.

'பில்லில் உள்ள எண்ணும் காண்ட்ராக்ட்டில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை. விதி எண் ஆறு,' என்றார் கிரிம்ஷா.

நெவில் நடந்ததையெல்லாம் விளக்கி ஒரு நீளக் கடிதம் எழுதி பில்லோடு வைத்து அனுப்பினான்.

'பில்லோடு வேறு காகிதங்கள் எதுவும் இணைக்கக் கூடாது. விதி எண் இருபத்து மூன்று.'

அன்று நெவில் கவுண்ட்டரில் உட்கார்ந்து யோசித்தான். எதிரே நூற்றிருபது குடைகள் தொங்கின. இதுவரை அவன் அனுப்பிய ஒரு புள்ளி, ஒரு சுருக்கம் கூட கிரிம்ஷாவின் கண்ணில் படாமல் தப்பவில்லை. நாடு முழுவதிலிருந்தும் தினம் எத்தனை ஆயிரம் உறைகள் போகும்! பெரிய கூடம், வரிசை வரிசையாக மேஜைகள், நூறு குமாஸ்தாக்கள். அத்தனை பேருக்கும் மேலே, உயரமான நாற்காலியில், வெள்ளை மீசையோடு கிரிம்ஷா. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் பர்ன்லியில் ஒருவன் வைத்த இஸ்திரிச் சூட்டைக் கண்டுபிடிக்கிறார் என்றால், அவர் என்ன மனிதர்!

சட்டென்று அவனுக்கு உதித்தது. பில்லோடு சேர்த்து வைக்கத்தானே கூடாது? விளக்கத்தைத் தனி உறையில் போட்டு முதலில் அனுப்பினான். ஒரு நாள் கழித்து பில்லை அனுப்பினான்.

செக் வந்துவிட்டது.

அதிலிருந்து நெவில் வேறு ஆளாகிப் போனான். சமையலறைச் சுவரில் பெரிய காலண்டர் மாட்டி, பில் வரும் நாளுக்குச் சிவப்பு, அனுப்பும் நாளுக்குப் பச்சை என்று வட்டம் போட்டான். கவுண்ட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் எண், தேதி, பஸ், இருக்கை என்று சீட்டுக் கட்டினான். ஆறு வருடத்துக்கு முன் பல்செட்டைத் தொலைத்த ஒரு கிழவரை வீடு தேடிப் போய்க் கண்டுபிடித்துக் கொடுத்தான். அவர் அதற்குள் வேறு செட் வாங்கியிருந்தாலும் அழுதுவிட்டார்.

"உனக்கு அந்த கிரிம்ஷா மேல காதல்," என்றாள் கிளெனிஸ். ஆனால் அதைச் சொல்லும்போது அவனைப் பார்த்த பார்வையில் ஒரு வியப்பு இருந்தது. முந்தின வாரம் ஒரு கல்யாண விருந்தில் நெடுஞ்சாலைக் கதையைத் தொடங்கி, பாதியில் அவளே நிறுத்திவிட்டாள்.

ஏழாம் மாதம் டெரெக் கெடுத்தான். உதவி செய்கிறேன் என்று தன் பில்லைத் தானே அனுப்பினான், கையில் கிடைத்த உறையில். அந்த உறை மேல் பலூன் பிடித்த ஒரு கரடி 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று சிரித்தது.

'உறை வெள்ளையாக இருக்க வேண்டும். விதி எண் பதினொன்று,' என்று கடிதம் வந்தது.

"கரடி நல்லாத்தான மச்சான் இருந்துச்சு?"

"அவர் எதிர்ல கரடியா?" நெவில் கிட்டத்தட்டக் கத்தினான். "அவரைப் பத்தி என்ன நினைச்ச நீ?"

அதையும் சரிசெய்தான். ஒன்பதாம் மாதம் மூன்று பில்லும் முதல் தடவையிலேயே தேறின. செக்கோடு, முதன்முறையாக, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: 'குறை ஏதும் இல்லை. எம். கி.'

நெவில் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். கிளெனிஸின் படத்துக்கு முன்னால்.

மிச்சமிருந்தது பதினோராம் மாதம். மொத்தப் பணத்தில் பாதி அந்தக் கடைசித் தவணையில்தான் இருந்தது. திருத்தி அனுப்பும் சலுகையும் அதற்குக் கிடையாது. பில்கள் வந்தன. வந்த மறுநாள் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். தபால் பெட்டிகளின் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை, நெவில் கோட்டை மாட்டினான்.

"எங்க?"

"கம்பெனி இருக்கற டெல்ஃபோர்டுக்கு. நேர்ல."

"நேர்ல கொடுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்குமே?"

"இருக்கு. ஒன்பதாவது. தபால்ல மட்டும்தான்."

"அப்புறம் எதுக்குப் போற?"

"தெரியலை, கிளெனிஸ். ஆனா இத்தனை தூரம் வந்துட்டு வீட்ல உக்காந்திருக்க முடியாது."

அவள் சீஸ் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து அவன் காலரைச் சரிசெய்தாள்.

மூன்று ரயில் மாறி மத்தியானம் டெல்ஃபோர்டு போய்ச் சேர்ந்தான். உறைகளை மடியில் வைத்து, வழியெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கம்பெனி ஒரு டயர் கடைக்கும் கார்ப்பெட் கிடங்குக்கும் நடுவே இருந்தது. இவ்வளவு சின்னக் கட்டடத்தில் அத்தனை பெரிய கூடத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தபடியே உள்ளே போனான்.

"யார்னு சொல்லணும்?" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண், டீயைக் கலக்கியபடி.

"ஹார்கிரீவ்ஸ். பர்ன்லிலேருந்து."

ஸ்பூன் நின்றது. "நெவில் ஹார்கிரீவ்ஸா?"

"ஆமாம்."

அவள் மெதுவாகத் திரும்பி, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "அவர் வந்திருக்கார்," என்றாள்.

உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தவர்கள் போனை வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து வந்து, சற்றுத் தள்ளியே நின்று அவனைப் பார்த்தார்கள். ஒருவன் கை நீட்டினான்; பிறகு தைரியம் வராமல் இழுத்துக்கொண்டான்.

நெவிலுக்குக் காது சிவந்தது. ஸ்டேப்ளர் பின், இஸ்திரிச் சூடு, கரடி. தன் தப்புகள் இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. இதைவிட அந்தப் பதினோரு மைல் எவ்வளவோ தேவலை.

"எனக்கு... மிஸ்டர் கிரிம்ஷாவைப் பார்க்கணும்."

கூட்டம் விலகியது. ஊதா ஸ்வெட்டர் போட்ட, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் முன்னால் வந்தார். கழுத்தில் சங்கிலியில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது.

"மாரியன் கிரிம்ஷா," என்றார். "நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

நெவில் உறைகளை நீட்டினான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விதி ஒன்பது, மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ்."

"தெரியும். தபால்ல மட்டும்தான். ஆனா தபாலே இல்லையே."

"தபால்தலை ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு. நேரா ஒட்டியிருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். நாற்பத்தொரு விதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"'தபால்தலை ஒட்டிய உறையில், அலுவலகத் தபால் துவாரத்தின் வழியாக வந்து சேர வேண்டும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கு. துவாரம் வரைக்கும் யார் கொண்டு வரணும்னு எழுதலை." அவர் வாசலைக் காட்டினார். "தயவுசெஞ்சு வெளிய போறீங்களா?"

நெவில் வெளியே போனான். கதவு சாத்தப்பட்டது. அந்தக் கதவிலேயே இடுப்பு உயரத்தில் இருந்த பித்தளைத் தபால் துவாரத்தின் முன் மண்டியிட்டான். முதல் உறையைத் தள்ளினான். உள்ளே அது தரையில் விழும் சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மாரியன் கிரிம்ஷா மூன்று உறைகளையும் குனிந்து எடுத்துத் தன் மேஜைக்குக் கொண்டுபோனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். பூதக்கண்ணாடியை எடுத்தார். மூலைகளைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று குத்தினார்.

"குறை ஏதும் இல்லை," என்றார்.

அந்த அலுவலகமே கை தட்டியது. வரவேற்புப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெவில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். வாழ்நாளில் யாரும் அவனுக்காகக் கை தட்டியதில்லை.

மெல்ல மெல்லக் கூட்டம் கலைந்தது. நெவில் சுற்றிப் பார்த்தான். ஒரு மேஜை. ஒரு விளக்கு. ஒரு இரும்பு அலமாரி. அதில் ஒரே ஒரு இழுப்பறை மட்டும் திறந்திருந்தது.

"உங்க பிரிவுல மத்தவங்கல்லாம் எங்க, மேடம்? இத்தனை ஆயிரம் பேர் அனுப்பறதை எப்படித்தான் சமாளிக்கறீங்களோ, எனக்கு ஆச்சரியமா இருக்கு."

மாரியன் கிரிம்ஷா ஸ்டாம்ப்பை மூடி வைத்தார்.

"ஆயிரம் பேரும் பில் அனுப்ப மறந்துடுவாங்கன்னு நம்பித்தான் சார் கம்பெனியே நடக்குது, உங்க முதல் கவர் வந்த மறுநாள்தான் பதறிப்போய் என்னை வேலைக்கு எடுத்தாங்க, இதுவரைக்கும் வேற ஒருத்தரும் எதுவும் அனுப்பலை... அடுத்த வருஷமும் காண்ட்ராக்ட் எடுப்பீங்கல்ல?"