கழட்டின சாமான் எங்கீங்க?

கோயமுத்தூர்க்காரர் கையில் ஒரு இயந்திரத்தைக் கொடுத்தால், அதைக் கம்பெனிக்காரன் செய்த மாதிரியே விட்டுவைக்க மாட்டார். மிக்ஸி வாங்கி வந்த அன்றைக்கே அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி, "என்ன மோட்டார் போட்டிருக்கறான்னு பாப்போம்" என்பார். எங்கள் அப்பாவோ அதே ஊரில் கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் கையில் ஒரு பழைய கார் சிக்கினால் அதன் கதி என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் காரைத்தான் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தேங்காய் பன்னுக்காக நான் பறிகொடுத்தேன்.

அது பிறப்பால் பெட்ரோல் வண்டி. எங்கேயோ கவிழ்ந்து கிடந்த வேனின் டீசல் எஞ்சினை வாங்கி வந்து அப்பா அதற்குள் உட்கார வைத்துவிட்டார். (ஆர்.சி. புக்குக்கு இந்த விஷயம் தெரியாது.) காலடியில் துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தார். ஹார்ன் தவிர மற்றெல்லாம் சத்தம் போடும். பின்பக்க இடது கதவு திறக்காது, வலது கதவு மூடாது. பிரேக் என்பது வேண்டுதல் மாதிரி, சில சமயம் பலிக்கும். அப்பாவுக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு பிரியம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடப்பார்; சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு கால்கள் மட்டும் பதில் சொல்லும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோளாறு, வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்பாது. நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை வண்டியை அணைப்பதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும். யாராவது ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். மணமக்களுக்கு ஆசீர்வாதம் முறை வைத்துத்தான் நடக்கும்.

நான் அப்போது பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து, லைசென்சும் வாங்கி, ஊரில் கார் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான் என்ற நினைப்பில் திரிந்துகொண்டிருந்தேன். அன்று அம்மாவை சாய்பாபா காலனியில் சித்தி வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். வழியில் ஒரு பேக்கரி. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேங்காய் பன் வாசம் ரோடு வரைக்கும் வந்தது. வண்டியை உறுமவிட்டு இறங்கினேன். உள்ளே உட்கார ஆள் இல்லை என்பது பன்னில் வாய் வைத்த பிறகும் உறைக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, உங்க வண்டி போகுதுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"அது போகாதுங்க. தள்ளோணும்" என்றேன், மென்றுகொண்டே.

வண்டி போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அப்பா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எஞ்சின் ஓடீட்டா இருந்துச்சு?"

"ஆமாங்ப்பா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டி நின்ற இடத்தில், எண்ணெய்க் கறை மேல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சோறு பாதி இறங்கும், பாதி தட்டிலேயே இருக்கும். வண்டி வராமல் அப்பா என்னிடம் பேசப் போவதில்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

போலீசில் கொடுத்த புகாரை எழுதியதும் நான்தான். "அடையாளம் ஏதாச்சு இருந்தா எழுதுங்க" என்று சொன்னார்கள். இலக்கியம் படித்தவள் விடுவாளா? ஹார்ன் ஊமை, இடது கதவு பிடிவாதம், வலது கதவு நன்றி கெட்டது, பிரேக் மனம்போன போக்கு, உடம்பெல்லாம் வெள்ளையும் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூச்சும் என்று ஒன்று விடாமல் வர்ணித்திருந்தேன். இந்த வண்டியை வேறெந்த வண்டியோடும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது என்று கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வேறு.

சில வாரம் கழித்துத் தகவல் வந்தது. சத்தியமங்கலத்துக்கு அந்தப்பக்கம் வாகனச் சோதனையில் ஒரு கார் சிக்கியிருக்கிறது, ஓட்டி வந்தவன் கோயமுத்தூரில் பேக்கரி முன்னால் எடுத்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டான், வந்து பாருங்கள். அம்மா எலுமிச்சை சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி நெடுக எதிரே வந்த கார்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வரிசையாக வண்டிகள் கிடந்தன. ஒரு ஜீப்புக்குள்ளிருந்து எருக்கஞ்செடி எட்டிப் பார்த்தது. முன்னால், நம்பர் பிளேட்டில் வேறு எண் எழுதி, பளபளவென்று, சந்தன நிறத்தில் ஒரு கார்.

"இதுதானுங்க" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசும், பொறுமையான மனிதர்.

"இது நம்மளது இல்லீங்க" என்றோம் நானும் அப்பாவும் ஒரே குரலில். (அந்த மாதம் நாங்கள் சேர்ந்து பேசிய ஒரே வாக்கியம்.)

ரைட்டர் என் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்னை அழுத்தினார். மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. இடது கதவு திறந்தது, வலது கதவு மூடியது. சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. அப்பா பிடிமானத்துக்கு மரத்தைத் தொட்டார்.

"எஞ்சின் நம்பர் பாத்துக்கலாங்க" என்று ஆர்.சி. புக்கைப் பிரித்தார் ரைட்டர். "புக்குல பெட்ரோல் வண்டின்னு இருக்குதுங்களே? இது டீசல்."

"அது நான் மாத்துனதுங்க."

"ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியுங்களா?"

அப்பா வேப்பமரத்தின் உச்சியை ஆராய்ந்தார்.

"செரி, சேசிஸ் நம்பர்?"

பொறித்திருந்த நம்பர், அப்பா வெட்டி எறிந்த துருத் தகட்டோடு எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. பானெட்டுக்குள் ஆணி அடித்திருந்த சின்னப் பட்டையிலும் அதே நம்பர் உண்டு. அந்த இடத்தில் இப்போது ஓட்டைகள்தான் இருந்தன.

ரைட்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு, நிதானமாக விளக்கினார். "பாருங்க. திருடு போன வண்டி கெடச்சு, சொந்தக்காரரும் ருசுவாயிட்டாருன்னா அது ஒரு கணக்குங்க. கோர்ட்ல மனுப்போட்டு, ஜாமீன் குடுத்து ஓட்டீட்டுப் போயிரலாம். ருசுவாகலைன்னா உரிமை கோராத வண்டின்னு எழுதோணும். நோட்டீஸ் போட்டு, ஆள் வரலைன்னா ஏலம். அதுவரைக்கும் அந்த வரிசைதானுங்க." எருக்கஞ்செடி முளைத்த ஜீப்பைக் காட்டினார். "திருடுனவன் சொல்றத மட்டும் வெச்சு நாங்க குடுத்தர முடியாதுங்க. பொறவு உங்க புகார் வேற. இது எந்த வண்டியோடும் கொழம்பாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

அப்பா காரின் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது தன் வண்டிதான் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்கும் தெரிந்தது. ஆனால் கை சொல்வதைக் கோர்ட் ஏற்காது. என் எழுத்துத் திறமையால் அந்த வண்டி எருக்கஞ்செடிக்குத் தொட்டியாகப் போகிறது என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது.

வராந்தா பெஞ்சில் திருடன் உட்கார்ந்திருந்தான். பெயர் தங்கராசு. தாராபுரம் பக்கம், மெக்கானிக். அப்பா மெதுவாக அவனிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று ரைட்டர் பின்னாலேயே விரைந்தார்.

"ஒரே திருப்புல கெளம்புதே, செல்ஃப் மோட்டார் எப்படிச் செஞ்சே?" என்றார் அப்பா.

"கார்பன் தேஞ்சு கெடந்துச்சுங்க. மாத்துனேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. விக்கலாம்னுதான் எடுத்தேனுங்க. எடுத்தா ஓட்டவே முடியல. ஒண்ணக் கழட்டுனா அதுக்குள்ள இன்னொண்ணு. பாதில உடவும் மனசு வரல. கைக்காசப் போட்டுச் செஞ்சுபோட்டனுங்க." பிறகு என்னைப் பார்த்தான். "அம்மணிதான் ஓட்டுனதுங்களா? கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டாதீங்க. பிளேட்டு போயிருச்சு."

"பிரேக்கும் செஞ்சியா?" என்றார் அப்பா.

"அதனாலதானுங்க மாட்டுனேன். போலீசு கைய நீட்டுனாங்க, மிதிச்சேன், நின்னு போச்சு. பழைய பிரேக்கா இருந்தா தாண்டிப் போயிருப்பனுங்க."

"ரெண்டு பேரும் பேசறதப் பாத்தா யாரு கேஸ் குடுத்ததுன்னே தெரியலீங்க" என்றார் ரைட்டர்.

இவ்வளவு நேரம் ஒதுங்கி நின்ற அம்மா தூக்குப்போசியோடு பெஞ்சுப் பக்கம் வந்தார். அம்மாவுக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பற்றிக்கூட அக்கறை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்த மெக்கானிக் வந்து எதைச் செய்தாலும், கிளம்பும்போது அம்மா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் போட்டால், கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் மாற்றியது நிஜம். கொடுக்காத மெக்கானிக்கை மறுமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சாமானை அம்மா சாக்கில் சேர்த்து வைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுவார்.

தூக்குப்போசியைத் திறந்து அவனுக்கும் ஒரு இலையில் எலுமிச்சை சாதம் வைத்துக்கொண்டே அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏந்தம்பி, கழட்டின சாமானெல்லாம் எங்கீங்க?"

தங்கராசு முகம் சுருங்கிவிட்டது. திருடன் என்று காலையிலிருந்து ஸ்டேஷனே சொல்லிக்கொண்டிருந்தபோது அசையாதவன், இதற்கு நொந்துபோனான்.

"என்னங்க்கா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? அத நாம எடுத்துக்குவமுங்களா? ஒண்ணு கொறையாம டிக்கில, ஸ்டெப்னிக்கு அடியில சாக்குல கட்டி வெச்சிருக்கறனுங்க."

ரைட்டர் ஓடினார். டிக்கியைத் திறந்து, சாக்கை வராந்தாவில் கொட்டினார். ஊமை ஹார்ன். இடது கதவின் பூட்டு. வலது கதவின் கொக்கி. தேய்ந்த பிரேக் கட்டைகள், கார்பன், தீய்ந்துபோன கிளட்ச் பிளேட். ஒவ்வொன்றாக எடுத்து என் புகாரோடு ஒத்துப் பார்த்தார். நான் வசை பாடியிருந்த ஒவ்வொருவரும் ஆஜர். கடைசியில் சாக்கை உதறியபோது டங்கென்று ஒரு சின்னப் பட்டை விழுந்தது. சேசிஸ் நம்பர். ஆர்.சி. புக்கில் இருந்த அதே நம்பர்.

"இதையுமாடா வெச்சிருந்தே?" என்றார் ரைட்டர்.

"அதுவும் கழட்டினதுதானுங்களே" என்றான் தங்கராசு.

அன்றைக்கு நான் அம்மாவைப் பார்த்த பார்வையில் இன்றைக்கு வரைக்கும் மாற்றமில்லை. மூன்று வருஷம் இலக்கியம் படித்து நான் காரைத் தொலைத்தேன், எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டே அவர் மீட்டார். தங்கராசு மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. திருட்டிலும் தொழில் சுத்தம் பார்க்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

கோர்ட்டில் மனுப்போட்டு, பட்டறை பக்கத்துக் கடைக்காரர் ஜாமீன் நின்று, வண்டி கைக்கு வந்தது. எஞ்சின் மாற்றியதை முறைப்படி பதிய வேண்டும் என்றார்கள். அதோடு நிபந்தனைகள்: வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, கூப்பிட்டபோது கொண்டுவர வேண்டும், வண்டியின் அமைப்பை எந்த விதத்திலும் மாற்றக்கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டதும் அப்பா முகம் செத்துவிட்டது. வழக்கு முடிய வருஷக்கணக்கானது. அதுவரை ஞாயிறுதோறும் பானெட்டைத் திறப்பார், தங்கராசின் வேலையைப் பார்ப்பார், "சுத்தமா செஞ்சிருக்கறான்" என்று மூடுவார். தண்டனை தங்கராசுக்கா அப்பாவுக்கா என்று எங்களுக்கே சந்தேகம்.

கோர்ட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா சாவியை என் கையில் வைத்தார். நான்தான் ஊர் வரைக்கும் ஓட்டினேன், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு. அந்தப் பேக்கரி வந்ததும், ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். பழக்க தோஷம், உறுமவிட்டே கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன்.

"ஆஃப் பண்ணீட்டு எறங்கு கண்ணு" என்றார் அப்பா. "இப்ப அது மறுபடி கெளம்பும்."

அத்தனை வாரத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பேக்கரிக்காரர் கொடுத்த பன்னை எதற்கு அழுதுகொண்டே சாப்பிடுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் எது ரிப்பேரானாலும், "கொஞ்ச நாளைக்குத் திருடு போகட்டும், செரியாயிரும்" என்பார்கள். அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது, ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்த டாக்டரிடம் அம்மா முதலில் கேட்டது, "கழட்டினது எங்கீங்க?" என்றுதான். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பாட்டிலை நீட்டினார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சரில் வந்த, மயக்கம் பாதி தெளிந்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நல்ல மெக்கானிக். பேரு தங்கராசான்னு கேளு."