துலுக்காத கிடாய்

கிடாய் துலுக்கவில்லை.

பூசாரி மூன்றாவது சொம்பு மஞ்சள் தண்ணீரையும் அதன் முதுகில் ஊற்றிவிட்டார். தண்ணீர் பட்டதும் கிடாய் உடம்பை ஒரு உதறு உதறினால்தான் மாரியாத்தா உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உத்தரவு இல்லாமல் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் எவனும் அரிவாளைத் தொடமாட்டான். கிடாயோ, கயிற்றைப் பிடித்திருந்த மயிலம்மாள் பக்கத்தில் நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஊர்சனம் மொத்தமும், புரியாத பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்த மைக்செட் மேசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்தது நவநீதகிருஷ்ணன். முப்பத்திரண்டு வருடம் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். உலக இசையை ஊர்க்காதில் போட்டே தீருவது என்று ஆறு வருடமாகக் கெஞ்சி, இந்தத் திருவிழாவில்தான் ஒரு மணி நேரம் வாங்கியிருந்தார். மைக்செட்காரரை அவருடைய அம்மன் பாட்டுப் பென்டிரைவோடு சாப்பிட அனுப்பியதும் இவர்தான்.

"ஏனுங்க, இது என்ன பாட்டுங்க?" என்றார் தர்மகர்த்தா சின்னுசாமி.

"மாலி நாட்டு நரம்பிசைங்க. ஆப்பிரிக்கா."

"ஆத்தாளுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது."

"நிறுத்திரட்டுங்களா?"

"நோம்பி நடுவுல மைக்செட் நின்னா ஊருக்கு ஆகாதுங்க. வேற போடுங்க."

நவநீதகிருஷ்ணன் செல்போனில் பல்கேரியப் பாட்டைத் தட்டினார். பெண்கள் கூட்டமாகக் குரலெடுத்ததுதான் தாமதம், முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "அய்யோ, யார் ஊட்டுல எழவு?" என்று மாரில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் விவரம் கேட்காமலேயே அழ ஆரம்பித்தார்கள்.

நவநீதகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பு நேயர்களே, அஞ்ச வேண்டாம். யாரும் இறக்கவில்லை."

செய்தி வாசித்துப் பழகிய குரல். அதில் கேட்டால் கல்யாணச் சேதியே துக்கமாகத்தான் இருக்கும். அழுகை இரண்டு மடங்கானது.

ஆண் குரலாக இருந்தால் தேவலை என்று பதறிப்போய் மங்கோலியாவைப் போட்டார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பி நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் அதிர்ந்தது. அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்கு அருள் வந்து, தலைவிரி கோலமாக மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எவன்டா அவன், என் வாசல்ல வந்து உறுமறவன்?"

இளவட்டங்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டுவது தெரிந்தது. நவநீதகிருஷ்ணன் ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது; கிடாய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா," என்றார் பூசாரி. "இந்த வருசம் வெட்டுக் கெடையாதுங்க. பாட்டுப் போட்டவரு சத்தியம் பண்ணோணும்."

உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது நவநீதகிருஷ்ணனுக்கு. கற்பூரத்தை அடித்து அணைத்து, இனி எந்த வெளிநாட்டுப் பாட்டையும் இந்த ஊரில் போடமாட்டேன் என்றார்.

கூட்டம் கலைந்தது. கிடாயைப் பிடித்துக்கொண்டு மயிலம்மாள் மேசையருகே வந்தாள். புட்டிப்பால் கொடுத்து அதை வளர்த்தவள் அவள். வேண்டுதல் அவள் புருஷனுடையது.

"மன்னிச்சிருங்கம்மா. என் பாட்டால உங்க வேண்டுதல் கெட்டுப்போச்சு," என்றார் நவநீதகிருஷ்ணன், கண் கலங்க.

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பாட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு சாமி. தண்ணி ஒட்டக்கூடாதுன்னு காலைலயே கிடாய்க்கு ஒடம்பு பூராம் வெளக்கெண்ணெய் தேச்சு உட்டது நானுங்க!"