கோபிசங்கர் காத்த வெளியார் அறை

கோபிசங்கர் எடுத்திருந்த சபதம் சிறியதன்று. நிறுவனத்தின் இரகசியம் எதுவும் இனி வெளியார் காதுக்குப் போகாது. மனைவி உதயகலாவின் காதுக்கோ கனவிலும் போகாது.

சபதத்துக்குக் காரணம் ஒரு வடகம். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இரத்தினம்மா நடத்தும் அந்த நிறுவனம், ஊர்ப் பெண்கள் செய்யும் வடகத்தையும் மோர்மிளகாயையும் வாங்கிப் பொதிசெய்து கடல்கடந்து அனுப்புகிறது. எல்லாருக்கும் கைப்பேசியில் ஓர் அரட்டைச் செயலி. அதில் அலுவலகத்தாருக்கு ஓர் அறை. பொருள் தருவோர், லேபல் அச்சிடுவோர் முதலிய வெளியாருக்கு மற்றோர் அறை. ‘இந்த அம்மாவின் வடகத்தைக் கடித்தால் பல் மிஞ்சாது’ என்று உள்ளே எழுத வேண்டியதைச் சென்ற மாதம் யாரோ வெளியே எழுதிவிட்டார். அந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார். அவருடைய வடகம் நின்றது. அக்கா, தங்கை, மச்சாள் ஆகியோரின் வடகங்களும் கூடவே நின்றன.

இரத்தினம்மா உடனே கோபிசங்கரைக் காவலாக்கினார். கோபிசங்கர் வெளியார் அறைக்குச் சிவப்பு நிறம் பூசினார். அங்கே யார் எழுதினாலும் ‘இங்கே வெளியார் உளர், அனுப்பலாமா?’ என்று செயலி ஒருமுறை கேட்கும்படி செய்தார். அங்கே பகிரும் கோப்புகள் ஒரு நாள் கழிந்ததும் தாமாகப் பூட்டிக்கொள்ளும்படி பழக்கினார். எஞ்சிய இடைஞ்சல் ஒன்றே: அவ்வறையின் பதினோராவது வெளியார். அரியாலையில் மோர்மிளகாய் காயவைத்து நிறுவனத்துக்குக் கொடுக்கும் உதயகலா.

அவரிடம் மறைக்க வேண்டிய செய்தியும் பெரியது. நிறுவனம் கொழும்பில் கிளை திறக்கப் போகிறது; பொறுப்பாளர் கோபிசங்கர்.

“கடை இன்னும் பேசி முடியேல்லைத் தம்பி. ஒப்பம் வைக்கிறவரைக்கும் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. கசிஞ்சுதெண்டால் ஆளை மாத்திப்போடுவன்” என்று இரத்தினம்மா சொல்லியிருந்தார்.

கொழும்பு என்றால் கோபிசங்கருக்கு அங்குள்ள வெள்ளவத்தைக் கடற்கரைதான். இருபத்திரண்டாவது வயதில் அங்கே அவரும் நண்பர் மூவரும் ஓர் அறையில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். நால்வருக்கும் நல்ல சேர்ட் ஒன்றே; நேர்முகத் தேர்வு யாருக்கோ அவருக்கே அது. மாலையில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கற்களில் உட்காருவார்கள். ரயில் வந்தால் கதையை நிறுத்துவார்கள். அது போனதும், விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்கள். ஞாயிறுதோறும் ஒரு கொத்துரொட்டி, நான்கு கரண்டிகள். ‘சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வையுங்கோ’ என்று சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை. கால்நூற்றாண்டு கழித்து அந்தக் கல் அவரைக் கூப்பிட்டது. உதயகலா அறிந்தால் தடுப்பார். அல்லது கூடவே வருவார். இரண்டாவதை நினைத்தே கோபிசங்கர் கூடுதலாக அஞ்சினார்.

“என்னப்பா, இரண்டு நாளாய் உங்கடை முகம் வெளிச்சமாய்க் கிடக்கு?” என்று அன்று காலை உதயகலா கேட்டார்.

“முகமெண்டால் வெளிச்சமாய்த்தானே இருக்கும்.”

“இருபத்துமூண்டு வருசமாய் இருக்கேல்லையே. கந்தோரிலை என்ன புதினம்?”

“நீர் வெளியார். உமக்குச் சொல்ல ஏலாது.”

“ஆர் வெளியார்? நீங்கள் போட்டிருக்கிற சேர்ட்டைத் தோய்ச்சது ஆர்?”

“அது வீட்டு விசயம். கந்தோர் விசயமெண்டால் முறைப்படி அறையிலை எழுதிக் கேளும்.”

“ஓம். எழுதுறன்.”

அந்த ‘ஓம்’ அளவுக்கு மீறி அடக்கமாக இருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் கோபிசங்கர் இல்லை. அவருடைய மூக்கு அப்போது கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்றது.

பத்து மணிக்குச் சிவப்பு அறையில் உதயகலாவின் செய்தி வந்தது: ‘மதிப்புக்குரிய கோபிசங்கர் அவர்களுக்கு, மிளகாய்ச் சாக்கு இரண்டு தேவை.’

‘மதிப்புக்குரிய வழங்குநர் அவர்களுக்கு, வியாழனன்று கிடைக்கும்.’

யாழ்ப்பாண நகரில் அச்சகம் நடத்தும் சுஹைர் இடையில் புகுந்தார்: ‘கோபி அண்ணை, வீட்டிலை சண்டையோ?’

அண்ணைக்கு முந்திக்கொண்டு உதயகலா எழுதினார்: ‘தாங்கள் கண்டிக் கிளைக்கு மாறிச் செல்வதாக அறிகிறோம். பொருள் தருவோர் இனி யாரிடம் கேட்பது?’

கோபிசங்கரின் நெற்றி சுருங்கியது. கல்யாண அழைப்பிதழில் பிழை கண்டால்கூட வட்டம் போட்டு வீட்டாருக்குத் திருப்பி அனுப்புகிறவர் அவர். கண்டியாம்! கண்டியில் கடல் ஏது? கல் ஏது? விரல்கள் பறந்தன: ‘தவறான தகவல். கண்டி அன்று, கொழும்பு, வெள்ளவத்தை. அடுத்த மாதம் முதலாந் திகதி. வதந்தி பரப்ப வேண்டாம்.’

செயலி கேட்டது: ‘இங்கே வெளியார் உளர், அனுப்பலாமா?’

“வெளியாருக்காகத்தானே எழுதுறன்!” என்று சினந்து, ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

‘வாழ்த்துகள் அண்ணை! வெள்ளவத்தையிலை கடை வைச்சிருக்கிற என்ரை மச்சானுக்கும் சொல்லிப்போட்டன்’ என்றார் சுஹைர்.

அப்போதுதான் கோபிசங்கர் தாம் எழுதியதை மறுபடி படித்தார். கூடவே இருபது வயதும் நினைவுக்கு வந்தது. ரியூட்டரி வகுப்பு விட்ட நேரம். சைக்கிளைப் பிடித்தபடி இரட்டைப் பின்னல் பெண் ஒருத்தி நின்றாள். “எங்கடை வகுப்பு டிலக்ஷியைப் பொம்பிளை கேட்டு ஆள் அனுப்பப் போறியளாமே?” என்றாள். “ஆர் சொன்னது? டிலக்ஷி இல்லை, உம்மைத்தான்!” என்றார் இவர். அவள் சிரிக்கவில்லை, சைக்கிளில் ஏறிப் போனாள், ஒழுங்கை திரும்பும் முடக்கில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெள்ளவத்தைக் கல்லில் இரண்டு ஆண்டுகள், ரயில் வந்து வந்து முறித்த கதை முழுவதும் அந்த ஒரு திரும்பலைப் பற்றியதுதான்.

இரத்தினம்மாவின் அழைப்பு வந்தது.

“தம்பி, பதினொரு வெளியாருக்கு முன்னாலை...”

“அம்மா, அது பிழையான தகவல், திருத்தினனான்...”

“ஓம், வடிவாய்த் திருத்தினீர். கொழும்புக்கு எங்கடை கந்தோர்ப் பிரவீணன் போகட்டும். காவலுக்கும் வேறை ஆள் பாத்திட்டன்.”

மாலையில் கோபிசங்கர் வீட்டுக்குள் நுழைந்தபோது உதயகலா தேநீரோடு நின்றார்.

“ஏனப்பா அப்பிடி எழுதினனீர்?”

“பழைய பயணப்பெட்டியைத் தூசி தட்டி வைச்சியள், எங்கை போறியளெண்டு தெரியவேண்டாமே? நேரை கேட்டனான், நீங்கள் சொல்லேல்லை.”

“அந்தக் கல்லிலை இருந்து நான் உம்மைப் பற்றித்தான் கதைச்சனான், தெரியுமே?”

“இஞ்சை இருந்து கதைச்சால் எனக்கும் கேக்குமப்பா.”

கோபிசங்கருக்குத் தேநீர் அன்று கூடுதலாக இனித்தது. கொழும்பு போனால் போகட்டும். குரலைத் தாழ்த்தி, “காவலுக்கு அம்மா ஆரைப் போட்டிருக்கிறா? உமக்கு ஏதும் தெரியுமே?” என்றார்.

“தெரியாதெண்டால் பொய். சொன்னால் கசிவு.”

கோபிசங்கரின் கைப்பேசி சிணுங்கியது. செயலியில் ஒரே வரி: ‘உதயகலா உங்களை வெளியார் அறைக்கு மாற்றியுள்ளார்.’