கிராம் கிராணியும் ஆறு கிலோ அரிசியும்

மெர்போக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், சப்பான்காரனுக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட கிராம் கிராணிக்குப் பயந்தார்கள். சப்பான்காரன் அறைவதோடு விட்டுவிடுவான். கிராம் கிராணி கணக்குக் கொடுப்பார்.

சப்பான் சண்டைக்கு முன்னால் அவர் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. ரப்பர் பாலில் மாதிரி எடுத்துச் சின்னத் தராசில் கிராம் கணக்கில் நிறுக்கிற வேலை. சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ரப்பர் வாங்க ஆளில்லை, பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். சும்மா இருந்தால் உலகம் எடை தெரியாமல் கெட்டுப்போகும் என்று நினைத்தாரோ என்னவோ, காலியாகக் கிடந்த புகைக்கொட்டகையில் எங்களைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். முடி வெட்டுகிறவரிடம், "ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டுப்பா" என்று சொல்லி, வெட்டியபின் அளந்தும் பார்க்கிற மனிதர்.

"ஒரு ஆடு ஒரு நாளைக்கு எண்ணூறு கிராம் தழ தின்னும். நாலு கிலோ தழ எத்தன நாளைக்கு வரும்?"

"எந்த ஆடுங்கய்யா? நம்ம ஆட்டத்தான் போன வாரம் சப்பான்காரன் புடிச்சிட்டுப் போய்ட்டானே," என்றான் முனியன்.

"அப்ப தழ மிச்சம். எத்தன கிராம் மிச்சம், சொல்லு."

இரக்கம் என்பதை அவர் எந்தத் தராசிலும் வைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரிசிச் சீட்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு மாதம் ஆறு கிலோ. ஆனால் அரிசி போட்ட மண்டோரின், அதாவது எங்கள் மேஸ்திரியின், தராசில் கிலோவில் பாதிக்குச் சற்று மேலான பழைய 'கட்டி' நிறைதான் உண்டு. கிலோ என்றால் கட்டிக்குச் சப்பான்காரன் வைத்த பெயர் என்று அவரே முடிவு செய்து, ஆறு கட்டி நிறுத்துக் கொட்டினார். மீதி அரிசி எங்கே போனது என்று அவர் வீட்டு அடுப்பைத்தான் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு வயதுத் தம்பி, மரவள்ளிக்கிழங்கைத் துப்பித் துப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பா கிராணியிடம் போய் நின்றார். "நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதாங்கய்யா?"

"சொல்லலாம் லா. ஆனா சப்பான்காரன் அறை எத்தன கிராம்னு எனக்குத் தெரிய வேணாம்."

வீரர்தான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து கொட்டகையில் ஒரே கணக்குத்தான்.

"ஆறு கிலோ எத்தன கிராம்?"

"ஆறாயிரம்."

"கட்டிக்கு அறுநூறு கிராம். அப்ப எத்தன கட்டி?"

"பத்து."

"சரியாச் சொன்னா கட்டிக்கு அறுநூத்தி அஞ்சு. அந்த அஞ்ச சப்பான்காரனுக்கு விட்டுக்குடுத்துட்டேன். பத்துன்னு சொல்றப்ப பத்து வெரலையும் தூக்கணும்."

அடுத்த மாதம் அரிசி போடும் நாளில் சப்பான் அதிகாரி பார்வையிட வந்து நாற்காலியில் அமர்ந்தார். கிராணி எங்களை வரிசையருகே கொண்டுபோய் நிறுத்தி, "இன்னிக்கு வகுப்பு இங்கதான்" என்றார். எங்கள் வீட்டு முறை வந்தது. மண்டோர் ஆறு கட்டியில் நிறுத்தினார். கிராணி கேட்டார், நாங்கள் கத்தினோம். பதினொரு பிள்ளைகளும் பத்து விரலைத் தூக்கினோம்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, விரல் தெரியும். சீட்டை வாங்கினார், தராசைப் பார்த்தார், மொழிபெயர்ப்பாளரை விட்டுக் காகிதத்தில் கணக்குப் போடச் சொன்னார். பத்துதான் வந்தது. மண்டோருக்கு ஒரு அறை விழுந்தது. பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அடுத்த கேள்வி. நாங்கள் கைகாட்டுவதற்குள் கிராணியே முன்னால் போய் நின்றார். அதிகாரி முன்னால் சத்தம் போட வைத்ததற்காக அவருக்கும் ஒன்று. நீதி இரண்டு பக்கமும் சமமாக நிறுக்கப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து பத்து கட்டி அரிசி வந்தது.

வீங்கிய கன்னத்தோடு கிராணி என்னிடம் சொன்னார். "வூட்ல கஞ்சி வெச்சா, தம்பி எத்தன கிராம் குடிச்சான்னு நாளைக்கு வந்து சொல்லணும்."

மறுநாள் போய் நின்றேன். "அளக்கலீங்கய்யா. வயிறு நெறஞ்சு தூங்கிட்டான்."

"சரி," என்றார். அளக்காத விடைக்கு அவர் சரி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அன்றைக்கு எனக்குக் கிராம் கிராணியைப் பிடித்துப்போனது. எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், அதை நானும் அளக்கவில்லை.