தர்ஷினிக்கு நான் போட்ட பூஜ்யம்

யாராவது என்னை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், என் மூளை உடனே விடுப்பில் போய்விடும். இதை இத்தனை வயதுக்குப் பிறகு ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

தொழிற்சாலை ஆட்குறைப்பில் வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மனைவி விமலாவின் காப்பு அடகில் கிடந்தது. தீபாவளிக்குள் அதை மீட்க ஆயிரத்து இருநூறு ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து லிண்டா என்றொரு அம்மணி, 'சார், நீங்கள் ரகசிய வாடிக்கையாளராகத் தேர்வாகிவிட்டீர்கள்' என்று வாட்சப்பில் மலாய் மொழியில் எழுதினாள். கடையில் பொருள் வாங்குவதுபோல நடித்து, சேவைக்கு மார்க் போட வேண்டுமாம். நான் விண்ணப்பமே போடவில்லை. (என் திறமை மலாக்கா முழுக்கப் பரவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.)

கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். முதல் வேலையே சரியாக அந்தத் தொகைக்கு வந்தது. பேரங்காடியில் பரிசு அட்டைகள் வாங்கி, சுரண்டி, எண்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மாலைக்குள் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது.

ரகசிய வேலையாயிற்றே என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். எங்கள் சின்ன ஊர் மெர்லிமாவில் ரகசியமாம்! மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் மூன்று பேர் கண்வலியா என்று விசாரித்துவிட்டார்கள். கேஷியராக உட்கார்ந்திருந்தது எங்கள் பின்வீட்டு தர்ஷினி. அட்டைகளைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"அங்கிள், போன்ல யாராச்சும் இத வாங்கச் சொன்னாங்களா?"

"உனக்கெதுக்கும்மா அது? பில்லைப் போடு."

"ஏமாத்து வேலைலா அங்கிள் இது. ஆன்ட்டிக்கு ஒரு கால் பண்ணிட்டு வாங்குங்களேன்."

பின்னால் வரிசை நின்றது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பிடிவாதமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மோட்டார்மேல் உட்கார்ந்தபடியே எண்களை அனுப்பினேன். கூடவே அறிக்கையும் எழுதினேன்: 'கேஷியர் அதிகப்பிரசங்கி. வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார். பத்துக்குப் பூஜ்யம். வேலையைவிட்டு நீக்கலாம்.'

முதலில் லிண்டாவின் படம் மறைந்தது, பிறகு லிண்டாவே மறைந்தாள்.

மகன்தான் எங்களை போலீஸ் நிலையத்துக்குக் காரில் கூட்டிப்போனான். சாட்சி சொல்ல தர்ஷினியும் அதே காரில் வந்தாள். விமலா திட்டவில்லை, வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. அதிகாரி என் கைப்பேசியை வாங்கி, நான் எழுதியதை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். பூஜ்யம் வந்த இடத்தில் நிறுத்தி, யார் இந்த கேஷியர் என்று கேட்டார்.

தர்ஷினி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

பணம் திரும்பவே இல்லை. ஒரு பாதுகாவலர் வேலை கிடைத்து, அடுத்த ஆண்டு தீபாவளிக்குத்தான் காப்பை மீட்டேன். விமலா அதை இரண்டு வருடம் போட்டிருந்துவிட்டு, மகனின் கல்யாணத்தன்று கழற்றி மருமகள் கையில் மாட்டிவிட்டாள். மருமகள் வேறு யாருமில்லை, தர்ஷினிதான். (எல்லாம் அன்றைக்குக் காரில் ஆரம்பித்ததாம்.)

இப்போதும் தினமும் அந்தக் காப்புக் கைதான் எனக்குத் தேநீர் நீட்டுகிறது. நீட்டிவிட்டு நகராமல் நிற்கிறாள்.

"பத்துக்கு எத்தனை மாமா?"

சில நாள் சீனி போடவே மறந்திருப்பாள். பத்து என்று சொல்லிவிட்டுக் குடித்துவிடுகிறேன்.