பீப் அண்ணாச்சியின் விசாரணை

திருப்பூரில் பீப் அண்ணாச்சியிடம் பொய் சொல்லித் தப்பித்த மனிதரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பெண்டாட்டி கேட்டும் உண்மையைச் சொல்லாத ஆட்கள், அவர் முன்னால் கைகட்டி நின்று எல்லாவற்றையும் ஒப்பித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் தெற்கத்திக்காரர். மண்ணரையில் நான் பேக்கிங் பார்க்கும் எம்ப்ராய்டரி கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், அதற்குத் துணையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது போடுகிற 'பீப்' சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பேர். வைத்தியம் போனிலேயே ஆரம்பித்துவிடும்.

"யக்கா, போனை அந்தப் பெட்டிகிட்ட பிடிங்க. இப்போ சுவிட்சப் போடுங்க. ம்... மூணு தடவ கத்துதான்லா? ராமுக்குச் சளி. வாரேன்."

வந்து, ராம் என்கிற சின்ன மெமரிப் பட்டையைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டுவார். கம்ப்யூட்டர் எழுந்துவிடும். அவர் வைத்திருந்தது ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். எங்கள் தெருவில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் மிட்டாய்க்கடை வாசம் அடித்தது.

எங்கள் ஊரில் காற்றில் பாதி பனியன் பஞ்சுதான். ஒருநாள் பில் போடும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஃபேனில் சுற்றியிருந்த பஞ்சையெல்லாம் உருட்டி மேசைமேல் வைத்தார். "மொதலாளி, ஒரு தலையணைக்குக் காணும். எக்ஸ்போர்ட் பண்ணிருவமா?" என்றார்.

இதெல்லாம் சின்ன விஷயம். அவருடைய விசாரணைதான் பெரிசு. எங்கே போனாலும் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், "செஞ்சது யாரு?" என்று கேட்பார். ஒருவர் ஒத்துக்கொள்ளும்வரை ஸ்க்ரூடிரைவர் பையைவிட்டு வெளியே வராது.

"தானாப் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டால் வந்தது வினை. "தானா எதுவும் போவாது. அது என்ன, காலு மொளச்ச கோழியா?" என்பார்.

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு உயிரே வரவில்லை. எல்லோரும் 'எனக்குத் தெரியாதுங்க' என்றார்கள். அண்ணாச்சி கைகட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆனது. டீ வந்தது, குடிக்கவில்லை. கடைசியில் மேனேஜரே வேர்த்து வழிய வந்து, "செல்போன் சார்ஜ் போடறதுக்கு நாந்தானுங்க பிளக்கைப் புடுங்கினேன்" என்றார். அண்ணாச்சி பிளக்கை மாட்டினார், கம்ப்யூட்டர் ஓடியது, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒத்துக்கொண்டவரை யாரும் ஒரு வார்த்தை திட்டக்கூடாது. திட்டினால், கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் திரும்ப முடுக்கிவிட்டுப் போயே போய்விடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் எட்டாவது படித்தவள். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள் என்பதால், கம்பெனியில் ஆயுத பூஜை வேலையெல்லாம் என் பொறுப்பு. ஒருமுறை அண்ணாச்சி பெட்டிக்குள்ளிருந்து கையகல ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் காட்டி, "யக்கா, பெட்டி வெறும் கூடுதான். உசுரு இதுலதான் இருக்கு" என்று சொல்லியிருந்தார். அது என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. உசுரு உள்ளே கிடக்க, வெறும் கூட்டுக்குப் பொட்டு வைத்தால் சாமி ஏற்றுக்கொள்ளுமா?

பூஜையன்று டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு, பில் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்று என்று மூன்று டிஸ்க்கையும், அவர் செய்தது போலவே கழற்றினேன். மேலே அழுக்காக ஏதோ காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். துடைத்து, சந்தனத்தைக் குழைத்து முழுக்கப் பூசி, குங்குமம் வைத்து, வாழையிலையில் கத்திரிக்கோல்களுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். அவ்வளவு அழகு! சந்தனத்துக்குள் இருப்பது என்னவென்று கேட்காமலே முதலாளி கண் கலங்கிக் கும்பிட்டார். அப்புறம் மூன்றையும் பத்திரமாகத் திரும்ப மாட்டினேன். எது எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும் பார்த்து வைக்கவில்லை.

மறுநாள் காலை வேலை ஆரம்பம். டிசைன் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பில் கம்ப்யூட்டர் பாதி தூரம் வருவதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதுமாக இருந்தது. சரக்கு வாங்குகிற பையர் ஓகே செய்த குழந்தைச் சட்டை டிசைன் உள்ளே. மெஷின்களெல்லாம் சும்மா நின்றன.

முதலாளி கத்தினார். "எவன் கை வெச்சதுன்னு தெரியட்டும். இன்னிக்கே கணக்கை முடிச்சு ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்!"

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல, "செஞ்சது யாரு?" என்றார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார், ஆர்டர் போகும். முருகா என்று நினைத்துக்கொண்டேன்.

"நானுங்க அண்ணா... உசுருன்னு சொன்னீங்களே, அதுக்குப் பூசை பண்ணிப்போட்டேனுங்க."

முதலாளி வாயைத் திறந்தார். அண்ணாச்சி ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சந்தனமும் குங்குமமும் ஒரு செவ்வந்தி இதழும். இதழை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யக்கா, இவனுவளுக்குப் பேரு, ஊரு, ஜிபி எல்லாம் நெத்தியிலதான் எழுதியிருக்கும். நெத்தி பூராச் சந்தனம் பூசினா நான் எவன் எவன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்? நான் எழுதி ஒட்டின சீட்டெல்லாம் எங்க?"

"குப்பைன்னு நெனச்சுச் சுரண்டிட்டேனுங்க."

"சரியாப் போச்சு."

சந்தனத்தைப் பதமாகத் துடைத்தார். ஒன்று சின்னது, அது பில் என்று தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றாக மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிஸ்க்கிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார்.

"விண்டோஸ் இருக்கவன் கரண்டு வந்ததுமே வளவளன்னு பேசுவான். டிசைன் இருக்கவன் கூப்பிட்டாத்தான் பேசுவான். ஆ... இவன்தான் வாயாடி."

மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. குழந்தைச் சட்டையின் யானைக்குட்டி வந்தது. மெஷின்கள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன.

முதலாளி மட்டும் விடவில்லை. "இருந்தாலுமுங்க அண்ணாச்சி, இந்தம்மாவை நான்..."

"உசுருன்னு சொன்னது நான். அப்போ மொதக் குத்தவாளி நானு. சரி, நேத்து இதுக்குக் கற்பூரம் காட்டும்போது கண்ண மூடிக் கும்பிட்டது யாரு மொதலாளி?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "நானுந்தானுங்க."

"பெறகென்ன, கேஸ்ல மூணு பேரு. மூணு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டா கம்பெனிய யாரு நடத்துவா?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வேலை பிழைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

போன மாதம் மூட்டு ஆபரேஷனுக்காக அண்ணாச்சி ஊருக்குப் போனார். கிருத்திகையன்று முருகன் கோயிலில் அவருக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள். இத்தனை வருடத்தில் அவருடைய சொந்தப் பேரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நட்சத்திரமெல்லாம் தெரியாதுங்க சாமி. எங்க அண்ணனுங்க. நல்லா நடக்கோணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.