விசில் மேடமும் நான்கு கட்டங்களும்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் பீரங்கி வெடித்தால்கூட பக்கத்திலேயே இருக்கும் எங்கள் அல்வால் பேட்டைக்காரர்கள் கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்க மாட்டார்கள். ஆனால் விசில் மேடம் ஒரு தடவை ஊதினால் எங்கள் பள்ளி வாசலில் போகிற ஆட்டோகூட பிரேக் அடித்து நிற்கும். தக்காளி வண்டிக்காரர் ஒருவர் அட்டென்ஷனில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

மேடத்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை அவர். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க் ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அதனால் அவர் பேசும் வாக்கியம் தமிழில் புறப்பட்டு, தெலுங்கில் கொஞ்சம் நின்று, உருதுவில் போய்ச் சேரும்.

நான் விருதுநகர்க்காரன். மனைவிக்கு இங்கே ஐ.டி. வேலை கிடைக்க, பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் ஆனேன். முதல் நாளே பிரேயருக்கு இரண்டு நிமிடம் லேட். பூனை மாதிரி படியேறப் போனவனைப் பின்னாலிருந்து ஒரு குரல் பிடித்தது.

"ஒரு ரவுண்டு ஓடுங்க."

"மேடம், நான் ஸ்டாஃப். புது கம்ப்யூட்டர் சார்."

"ஹவ், ஆமா, தெரியும். பசங்களா இருந்தா ரெண்டு ரவுண்டு."

ஓடினேன். டையோடும் லேப்டாப் பையோடும் ஓடினேன். எட்டாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டியது. அதற்கப்புறம் எனக்கு வகுப்பில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. தங்களோடு சேர்ந்து தண்டனை வாங்கியவன் என்று ஒரு பாசம்.

கொரோனா சமயத்தில் எல்லாரும் பாடத்தை ஆன்லைனில் எடுத்தோம். மேடம் பி.டி.யையே ஆன்லைனில் எடுத்தார். "பின்னாடி சோஃபால யாரு சாஞ்சிருக்கறது? எதுக்கு உக்காந்துக்கிட்டு? எந்திரி, குதி!" என்று ஒரு நாள் கத்தினார். சோஃபாவில் இருந்தது பையனுடைய அப்பா. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மனிதர், ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து இருபது தடவை குதித்தார். மானேஜர் அவரிடம், "உங்க பக்கம் நெட் ஆடுதா?" என்று கேட்டாராம்.

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பள்ளியில் டேஷ்போர்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்த பாவி நான்தான். ஒவ்வொரு மாணவருக்கும் திரையில் நான்கு கட்டம்: படிப்பு, கலை, விளையாட்டு, தொழில்நுட்பம். நல்ல மார்க் என்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பிரின்சிபாலுக்கு அது பிடித்துப்போய், ஒரு விதியும் போட்டுவிட்டார். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் அந்தப் பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போக முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் ஸ்ரவந்தி என்று ஒரு பெண். மூச்சிரைப்பு உள்ளவள், பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஓட வைக்கக் கூடாது என்று அவள் அம்மா கொடுத்த கடிதம் ஆபீசில் இருந்தது. பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து, மேடம் குனிந்து குனிந்து டிராக்குக்குச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்துப் பார்த்து, கோடு போடும் ஒரு குட்டி வண்டியை என் லேபில் செய்தாள். மோட்டார், சென்சார் எல்லாம் வைத்து, தானே ஓடும் வண்டி. பெங்களூர் ரோபோ போட்டிக்கு அதுதான் போவதாக இருந்தது.

முதல் சோதனையில் வண்டி டிராக்கை விட்டு விலகி, வாலிபால் கோர்ட்டைக் கடந்து, பிரின்சிபால் கார் வரை நேராகக் கோடு போட்டுவிட்டு நின்றது. மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் மைதானத்தில் இருந்தார்கள். வண்டி முன்னால் போகும். அது கோணினால் திருப்பிவிட ஸ்ரவந்தி பின்னால் நடப்பாள்.

மார்க் போடும் நேரம் வந்தது. ஸ்ரவந்திக்கு விளையாட்டில் மேடம் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். அம்மாவின் கடிதமும் ஒன்பது மார்க்கும் ஒத்துப்போகவில்லை என்று என் டேஷ்போர்டு பிரின்சிபாலுக்குத் தானாகவே மெயில் அனுப்பிவிட்டது. அப்படி அனுப்பச் சொல்லி நிரல் எழுதியவனும் நான்தான்.

பிரின்சிபால் மேடத்தையும் என்னையும் கூப்பிட்டார். மனிதர் கெட்டவரில்லை, விதி என்றால் விதி என்பவர்.

"மேடம், ஓடவே கூடாத பொண்ணுக்கு ஒன்பதா? போட்டிக்கு அனுப்பறதுக்காக மார்க்கைத் திருத்தினீங்கன்னா, அடுத்த வருஷம் உங்களை வெச்சுக்கறது கஷ்டம்."

மேடத்துக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவர் கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார்.

"சார், இந்தப் பொண்ணு ஜூலைல பாதி ரவுண்டு நடந்துட்டு உக்காந்துடும். நேத்து எட்டு ரவுண்டு. நடுவுல நிக்கலை. தேதி போட்டு எழுதியிருக்கேன். இது ஸ்போர்ட்ஸ் இல்லேன்னா நீங்களே சொல்லுங்க."

"நோட்டுல யாரும் எதையும் எழுதலாமே?"

 நான் வாய் திறந்தேன். "சார், நானும் பார்த்தேன். லேப் ஜன்னல்லேர்ந்து தினமும் தெரியும். நிஜம்தான்."

"அப்ப என் முன்னாடி நடக்கட்டும்" என்று எழுந்துவிட்டார்.

ஸ்ரவந்தியின் அம்மாவுக்குப் போன் போட்டார் மேடம். "நடக்கத்தானே மேடம், தினம் நடந்துக்கிட்டுத்தானே இருக்கா" என்றாராம் அந்த அம்மா. ஸ்ரவந்தி வந்தாள். பள்ளியே மாடியில் கூடிவிட்டது. கூடவே நடந்து பார்த்தால்தான் நியாயம் என்று பிரின்சிபாலும் மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு டிராக்கில் இறங்கினார்.

முதல் ரவுண்டில் ஸ்ரவந்தியிடம் ரோபோவைப் பற்றி விசாரித்தார். இரண்டாவது ரவுண்டில் அவள் மட்டும் பேசினாள். மூன்றாவதில் கர்ச்சீப்பை எடுத்தார். நான்காவது ரவுண்டு முடிவதற்குள் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஸ்ரவந்தி நடையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "சார், இன்ஹேலர் காவாலா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் எட்டு ரவுண்டையும் முடித்துவிட்டு வந்து நின்றாள். மாடியிலிருந்து எழுந்த சத்தம் இருக்கிறதே, ஊரின் மறுகோடியில் இருக்கும் காஞ்சன்பாக் வரை கேட்டிருக்கும்.

பிரின்சிபாலுக்கு மூச்சு வந்ததும் சொன்னார்: "ஒன்பது சரிதான் மேடம். ஆனா ஒரு மார்க்கை ஏன் குறைச்சீங்க?"

"நடக்கும்போது கையை வீசறதில்ல சார். ஸ்டைல் சரியில்ல."

"எனக்கு எவ்வளவு?"

"நக்கோ சார், கேக்காதீங்க."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே அந்த விதியை எடுத்துவிடச் சொன்னார். மெயில் அனுப்பும் நிரலை நான் யாரும் சொல்லாமலே அழித்தேன். பெங்களூரில் ஸ்ரவந்தியின் வண்டிக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. காட்டிய பாதையில் போகாமல் நடுவர்களுடைய மேஜையைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டதாம். திரும்பி வந்தவளோடு மேடம் பிரேயரில் எல்லார் முன்னாலும் கைகுலுக்கினார். பிறகு என் பக்கம் வந்தார்.

"அன்னிக்குப் பேசினீங்களே சார், குரல் ஏன் அப்படி நடுங்குச்சு? நாளைலேர்ந்து காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

நன்றி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அந்த நன்றியை நான் இரண்டு வருஷம் மூச்சு வாங்க ஓடித் தீர்த்தேன்.

போன ஏப்ரலில் மேடம் ஓய்வு பெற்றார். புதிதாக வந்திருக்கும் பி.டி. சார் நல்ல பையன், மரியாதையாகப் பேசுகிறான், யாரையும் ஓட விடுவதில்லை. லேபில் என் மேஜையை மைதானம் தெரியும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஏசி காற்றுக்காக என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.